கப்பலில் வந்தவர் எந்த ஊர்க்காரர்? காலனிய அமெரிக்காவின் ஜெர்மானியக் குடிவழியைத் தேடும் முறை

1741 நவம்பரில் பிலடெல்ஃபியா துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதில் வந்தவர்களில் ஹான்ஸ் நிக்கோலஸ் ஐசன்ஹவர் என்பவரும் ஒருவர். கூட வந்த ஆண்களோடு வரிசையில் நின்று, பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி கொடுத்துவிட்டு ஊருக்குள் போனார். அவருடைய வழியில் வந்த ட்வைட் ஐசன்ஹவர் இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளை நடத்தினார், 1953-இல் அமெரிக்க அதிபரானார்.

1741-ஆம் ஆண்டின் அந்தக் கப்பல் பட்டியலை இன்றும் பார்க்கலாம். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. எந்த ஊர் என்பது மட்டும் இல்லை. அவர் புறப்பட்டது இன்றைய சார்லாந்து மாநிலத்தில், வார்ண்ட் காட்டுப் பகுதியில் இருக்கும் கார்ல்ஸ்ப்ரூன் என்ற சிற்றூரிலிருந்து. பட்டியலில் இல்லாத அந்த ஒரு சொல்லை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

ஊர்ப்பெயருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. அது 1871-இல் உருவானது. அதற்கு முன் இருந்தவை நூற்றுக்கணக்கான சிற்றரசுகள், பிரபுக்களின் நிலங்கள், ஆயர்கள் ஆண்ட பகுதிகள், தனி நகரங்கள். கூர்ஃபால்ட்ஸ், வூர்ட்டம்பெர்க், பாடன்-டுர்லாக், ஹெஸ்ஸன், நாசாவ், ஸ்வைப்ரூக்கன் என ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்சி, தனி வரி, தனி ஆவணக் குவியல். பிறப்பையும் இறப்பையும் அரசாங்கமே பதிவு செய்யும் வழக்கம் ரைன் நதியின் மேற்குக் கரையில், பிரெஞ்சு ஆட்சியில், 1798 வாக்கில்தான் தொடங்கியது. ஜெர்மனி முழுவதற்கும் அது வந்தது 1876-இல். அதற்கு முன்னால் ஒரு சாதாரணக் குடியானவன் பிறந்தான் என்பதற்குப் பெரும்பாலும் ஒரே சாட்சிதான்: அந்த ஊர்ப் போதகர் தேவாலயப் பதிவேட்டில் எழுதிவைத்த ஞானஸ்நான வரி. ஊர் தெரியாவிட்டால் எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்றே தெரியாது.

புதிதாகத் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். யோஹான்னஸ் ம்யூல்லர் என்று இணையத்தில் தட்டுகிறார்கள். ஏறக்குறைய அதே ஆண்டில் பிறந்த ஒரு ம்யூல்லர் ஏதோ ஒரு ஊரில் கிடைக்கிறார். உடனே அவரை எடுத்துத் தங்கள் வம்சாவளியில் ஒட்டிவிடுகிறார்கள். பிறகு நூறு பேர் அதைப் பார்த்து எழுத, பொய் உண்மை போல ஆகிவிடுகிறது. சரி, எப்படித் தேட வேண்டும்? அமெரிக்கக் கரையில் இருக்கும் காகிதங்கள் அத்தனையையும் பார்த்து முடிக்கும் வரை கடலைத் தாண்டக் கூடாது. ஊர்ப்பெயர் பெரும்பாலும் அமெரிக்காவில்தான் கிடைக்கும்.

எந்த அலையில் வந்தவர்?

எப்போது, எந்தக் கூட்டத்தோடு வந்தார் என்று தெரிந்தால் எந்த ஆவணத்தைப் பார்ப்பது என்பது பாதி முடிவாகிவிடும். முதல் கூட்டம் 1683 அக்டோபரில் கான்கார்ட் கப்பலில் வந்த, ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்து 13 குடும்பங்கள். ஃபிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸின் ஏற்பாட்டில் அவர்கள் பிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுனை அமைத்தார்கள்.

அடுத்து வந்த கூட்டம் பெரியது, கதையும் சோகமானது. ரைன் நதிக்கரை ஃபால்ட்ஸ் பகுதியை, ஆங்கிலத்தில் பலாட்டினேட் என்பார்கள், பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் படைகள் 1689-இல் எரித்து நாசமாக்கின. ஹைடல்பெர்க், மான்ஹைம், ஸ்பையர், வோர்ம்ஸ் எல்லாம் தீக்கிரையாயின. அடுத்து வந்த போரும், 1708-09 குளிர்காலத்தின் கொடுமையும் சேர்ந்து ஜனங்களை ஊரைவிட்டுக் கிளப்பின. 1709-இல் சுமார் 13,000 பேர் லண்டனுக்கு வந்து குவிந்து, கூடாரங்களில் தங்கினார்கள். அவர்களில் ஏறக்குறைய 3,000 பேரைப் பிரிட்டிஷ் அரசு 1710-இல் நியூயார்க்குக்கு அனுப்பியது. கடற்படைக்கு வேண்டிய தார் காய்ச்சுவது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்தத் திட்டம் தோற்றது. ஆனால் ஆளுநர் ராபர்ட் ஹன்டர் அவர்களுக்குக் கொடுத்த உணவுப் படியின் கணக்கேடு பிழைத்தது. இன்றைக்கு அந்தக் கணக்கேடுதான் அவர்களுடைய பேரன் பேத்திகளுக்குக் கிடைத்த பெரிய சொத்து.

வர்ஜீனியாவின் ஜெர்மானா குடியிருப்புக்கு 1714-இல் சீகன் வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வந்தன. ஜார்ஜியாவின் எபனேசருக்கு 1734 முதல், மத நம்பிக்கைக்காகச் சால்ஸ்பர்க்கிலிருந்து துரத்தப்பட்ட லுத்தரன் மக்கள் வந்தார்கள். மற்றபடி பெரும்பான்மையோர் 1727-க்கும் 1775-க்கும் இடையில் பிலடெல்ஃபியாவில் இறங்கியவர்கள். அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய சுமார் 30,000 ஜெர்மானியப் படைவீரர்களில் ஒரு பகுதியினரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களைத் தேடுபவர்கள் கப்பல் பட்டியலை விட்டுவிட்டு, அனுப்பிய அரசுகளின் படைப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும்.

ஒரு சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆங்கில ஆவணங்களில் பலாட்டைன் என்று எழுதியிருந்தால் அவர் பலாட்டினேட்டிலிருந்துதான் வந்தார் என்று பொருள் அல்ல. ஹெஸ்ஸன்காரர், வூர்ட்டம்பெர்க்காரர், அல்சாஸ்காரர், ஏன், சுவிஸ்காரர்கூட அந்த எழுத்தர்களுக்குப் பலாட்டைன்தான். பென்சில்வேனியா டச்சு என்ற பெயரும் அப்படியே. அந்த ஜனங்கள் தங்கள் பேச்சில் தங்களை டைட்ச் என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்கும் ஹாலந்துக்கும் சம்பந்தமில்லை.

கப்பல் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

ஆங்கிலேயர் அல்லாதவர்கள் இத்தனை பேர் வந்து குவிகிறார்களே என்ற பயம் பென்சில்வேனியா அரசுக்கு வந்தது. அதனால் 1727 செப்டம்பர் முதல், வந்திறங்கும் ஜெர்மானிய ஆண்கள் எல்லோரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாக்கினார்கள். அந்த வரிசையில் முதல் கப்பல் வில்லியம் அண்ட் சாரா. ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை இருக்கும். முதலாவது, கப்பல் தலைவர் கொடுத்த பயணிகள் பட்டியல். இரண்டாவது, அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தவர்கள். மூன்றாவது, அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் அரச குடும்ப வாரிசை ஏற்கமாட்டோம் என்று உறுதி சொன்னவர்கள். ரால்ஃப் பீவர் ஸ்ட்ராஸ்பர்கர் திரட்டி, வில்லியம் ஹிங்கே பதிப்பித்த மூன்று தொகுதிகளாக இவை 1934-இல் அச்சில் வந்தன.

உறுதிமொழி 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களுக்கு மட்டும். அதனால் பெண்களும் சிறுவர்களும் பெரும்பாலும் பட்டியலில் இல்லை. உங்கள் மூதாதை 15 வயதில் அப்பாவோடு வந்திருந்தால் அப்பாவின் பெயர் மட்டும்தான் இருக்கும். அப்பா கடலிலேயே இறந்திருந்தால் அதுவும் இருக்காது. வேறு துறைமுகத்தில் இறங்கியவர்களும் உண்டு. கொன்ராட் வைசரை எடுத்துக்கொள்ளுங்கள். வூர்ட்டம்பெர்க்கின் ஆஃப்ஸ்டெட் ஊரில் 1696-இல் பிறந்தவர், பின்னாளில் பென்சில்வேனியா அரசுக்கும் இரோக்குவா பூர்வகுடி மக்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடத்தியவர். பென்சில்வேனியாவின் புகழ்பெற்ற ஜெர்மானியர்களில் ஒருவரான அவர் 1710-இல் நியூயார்க்கில் இறங்கி, 1729-இல்தான் டல்பிஹாக்கன் பள்ளத்தாக்குக்கு வந்தார். பிலடெல்ஃபியா பட்டியலில் அவரைத் தேடி என்ன பயன்?

பட்டியலின் தலைப்பில் ராட்டர்டாமிலிருந்து, கடைசியாகக் கௌஸிலிருந்து என்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டு மூதாதை ராட்டர்டாம்காரர் என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் வழி. ரைன் நதியில் படகில் இறங்கி ராட்டர்டாமில் கப்பல் ஏற வேண்டும். பிரிட்டிஷ் சட்டப்படி கப்பல் கௌஸ் போன்ற ஓர் ஆங்கிலேயத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டுத்தான் அட்லாண்டிக்கைக் கடக்க முடியும். 1750-இல் பயணம் செய்த காட்லீப் மிட்டல்பெர்கர், ஹைல்பிரான் நகரிலிருந்து ஹாலந்து போய்ச் சேர்வதற்குள் படகுகள் 36 சுங்கச் சாவடிகளில் நிற்க வேண்டியிருந்தது என்று எழுதினார். வசந்தத்தில் கிளம்பியவர்கள் இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கையில் இருந்த பணம் வழியிலேயே கரைந்தது.

பணம் கரைந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது தேடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கப்பல் கட்டணம் பாக்கி வைத்தவர்களை ஒரு முதலாளி வந்து, பாக்கியைக் கட்டி மீட்டுப் போவார். அதற்கு ஈடாகப் பெரியவர்கள் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் உழைக்க வேண்டும். சிறு பிள்ளைகள் 21 வயது வரை. குடும்பத்தைப் பிரித்து ஆளுக்கொரு திசையில் கொண்டுபோனதும் உண்டு. 1738-இல் கப்பல் பட்டியலில் இருக்கும் ஒருவர் 1744 வரை எந்த வரிப் பட்டியலிலும் நிலப் பதிவிலும் தென்படவில்லை என்றால், ஆள் மாறிவிட்டார் என்று அவசரப்படாதீர்கள். யாரோ ஒருவருடைய பண்ணையில் கடனைக் கழித்துக்கொண்டிருந்திருக்கலாம். 1771 முதல் 1773 வரை இப்படி ஒப்பந்தமானவர்களின் பதிவேடு ஒன்று பிலடெல்ஃபியாவில் எழுதப்பட்டு இன்றும் இருக்கிறது.

இந்தப் பட்டியல்களில் எனக்கு மிகவும் பிடித்தது கையெழுத்துகள். எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே ஜெர்மன் எழுத்தில் கையெழுத்திட்டார்கள். தெரியாதவர்கள் ஒரு குறி போட, பக்கத்தில் எழுத்தர் பெயரை எழுதினார். அந்தக் கையெழுத்துகளின் நகல்களும் 1934 பதிப்பில் ஒரு தொகுதியாக உண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து லான்காஸ்டரில் ஒருவர் உயில் எழுதுகிறார். அதன் அடியில் அவர் போட்ட கையெழுத்தையும் கப்பல் பட்டியலில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெயரில் மூன்று கப்பல்களில் மூன்று பேர் வந்திருந்தாலும், அந்த வளைவும் அந்தக் கொக்கியும் ஒருவருக்குத்தான் பொருந்தும். அதேபோல, ஒருவர் அன்றைக்குக் குறி மட்டும் போட்டிருக்கிறார், உங்கள் மூதாதையோ அதே காலத்தில் தெளிவாகக் கையெழுத்திட்டிருக்கிறார் என்றால், அவர் வேறு ஆள் என்ற சந்தேகம் வர வேண்டும்.

பெயர் செய்யும் குழப்பம்

ஒரு வீட்டில் ஐந்து ஆண்பிள்ளைகள்: யோஹான் பீட்டர், யோஹான் கேயார்க், யோஹான் ஜேக்கப், யோஹான் ஆடம், யோஹான் மிஷாயெல். இதில் யோஹான் வெறும் முன்னொட்டு. வீட்டில் கூப்பிடுவது இரண்டாவது பெயரை. அமெரிக்க ஆவணத்தில் பீட்டர் என்று இருப்பவரை ஞானஸ்நானப் பதிவேட்டில் யோஹான் பீட்டர் என்று தேட வேண்டும். ஆனால் யோஹான்னஸ் என்று முடிந்தால் அது வேறு. அதுவே கூப்பிடும் பெயர், ஹான்ஸ் என்று சுருங்குவதும் அதுதான். பெண்களுக்கு ஆன்னா, மாரியா இரண்டும் இதே வேலையைச் செய்தன. குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை மறுபடி வைப்பது சாதாரணம். திருமணமான பெண்ணைத் தந்தையின் குடும்பப்பெயரில் குறிக்கும் இடங்களும் உண்டு. பெண்ணின் குடும்பப்பெயர் இன் என்று முடியும், ம்யூல்லரின் என்பது போல. அந்த இன் பெயரின் பகுதி இல்லை, பெண்பால் விகுதி.

அடுத்து, ஆங்கில எழுத்தரின் காது. ஃபால்ட்ஸ் வட்டாரப் பேச்சில் ப-வுக்கு அழுத்தமான ஒலி ஒன்று, மென்மையான ஒலி ஒன்று என்ற வேறுபாடு மங்கிவிடும். த, ட, க வரிசைகளிலும் அப்படியே. இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தை வைத்து எழுதும் தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு என்பதால் எழுத்தர் காதில் விழுந்ததைத் தோன்றியபடி எழுதினார். கோல்ப் (Kolb) என்பவர் கல்ப் (Kulp) ஆனார். அகரவரிசையில் தேடும்போது ஒரு பெயரை நான்கைந்து எழுத்துகளில் தேட வேண்டியிருப்பது இதனால்தான். தமிழில் எழுதிப் பாருங்கள், பல சமயம் எல்லா வடிவங்களும் ஒன்றாகத் தெரியும்.

யேகர் ஈகர் ஆகி, சில இடங்களில் மொழிபெயர்க்கப்பட்டு ஹன்டர் ஆனது. ம்யூல்லர் மில்லர் ஆனது, யுங் யங் ஆனது. ஸிமர்மன் என்ற தச்சர் கார்பென்டர் ஆகிவிட்டால், ஆங்கிலப் பெயரோடு இருக்கும் அந்தக் குடும்பம் ஜெர்மானியக் குடும்பம் என்பதே தெரியாமல் போகும். ஹூபர் ஹூவர் ஆனது. 1738-இல் வந்த ஆன்ட்ரியாஸ் ஹூபர் ஆண்ட்ரூ ஹூவராகி வட கரோலினாவில் இறந்தார். அவருடைய வழியில் வந்தவர்தான் 1929-இல் அதிபரான ஹெர்பர்ட் ஹூவர்.

அமெரிக்கக் கரையில் பார்க்க வேண்டியவை

முதலிடம் தேவாலயப் பதிவேடுகளுக்கு. பென்சில்வேனியாவில் பிராட்டஸ்டன்ட் பிரிவுகளான லுத்தரன் சபையும் ரிஃபார்ம்ட் சபையும் பல ஊர்களில் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டன. அதனால் இரண்டின் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் போதகர்கள் குறைவு, குதிரையில் ஊர் ஊராகப் போய் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். யோஹான் காஸ்பர் ஸ்டோவர் அப்படி 1730 முதல் ஐம்பது ஆண்டுகள் எழுதிவைத்த சொந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால், பல குடும்பங்களின் அந்தக் காலம் இருட்டாகவே இருந்திருக்கும். மென்னோனைட் என்ற பிராட்டஸ்டன்ட் பிரிவினருக்குக் குழந்தை ஞானஸ்நானம் கிடையாது, அதனால் அவர்கள் விஷயத்தில் இந்த வழி உதவாது. நிலம், உயில் இவற்றை நம்ப வேண்டும்.

மொராவியன் என்ற இன்னொரு பிராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அந்தச் சபையினர் தங்கள் வாழ்க்கைக் கதையை எழுதிவைப்பார்கள், அடக்கத்தின்போது அதை வாசிப்பார்கள். லேபன்ஸ்லாவ்ஃப் என்று அதற்குப் பெயர். எந்த ஊரில் பிறந்தேன், அப்பா என்ன தொழில் செய்தார், எப்படிக் கடல் தாண்டினேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். பென்சில்வேனியாவின் பெத்லஹேமில் உள்ள மொராவியன் காப்பகத்தில் இவை ஏராளம்.

நமக்குத் தொடர்புள்ள ஒரு செய்தி. பென்சில்வேனியா லுத்தரன் சபைகளை ஒழுங்குபடுத்திய ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க்கை 1742-இல் அங்கே அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அதே ஹாலேயில் படித்தவர். அதனால் ஹாலே காப்பகத்தில் பென்சில்வேனியாவிலிருந்தும், ஜார்ஜியாவின் எபனேசரிலிருந்தும், தரங்கம்பாடியிலிருந்தும் போன கடிதங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே உண்டு. மூலன்பெர்க்கின் நாட்குறிப்புகளில் சபை மக்கள் பலருடைய கதைகள் வருகின்றன.

குடியுரிமைப் பதிவும் ஒரு துப்பு. 1740-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டப்படி ஏழு ஆண்டுகள் காலனியில் வாழ்ந்த பிறகுதான் குடியுரிமை. ஒருவர் 1761-இல் பெற்றிருந்தால் அவர் வந்தது 1754 அல்லது அதற்கு முன். நிலப் பதிவுகளில் முதலில் மனு, பிறகு சர்வே, கடைசியில் பட்டா என்று மூன்று படிகள் உண்டு. இடையில் பத்து இருபது ஆண்டுகள் ஓடியிருக்கலாம். உயில்களைத் தேடும்போது கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்றது) எல்லைகளைக் கவனியுங்கள். லான்காஸ்டர் 1729-இல் உருவானது, யார்க் 1749-இல், பெர்க்ஸ் 1752-இல். ஆள் ஒரே வீட்டில் இருந்தாலும் அவருடைய காகிதங்கள் மூன்று ஊர்களின் அலுவலகங்களில் கிடக்கும்.

ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃபர் ஸாவர் 1739-இல் தொடங்கிய ஜெர்மன் செய்தித்தாளைத் தவறவிடாதீர்கள். அதில் வந்த விளம்பரங்கள் மனதைப் பிசையும். இன்ன ஊரிலிருந்து வந்த என் தங்கை எங்கே வேலைக்குப் போனாள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்ற வகை அறிவிப்புகள் அவை. கப்பலில் பிரிக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தேடியபோது, தாங்கள் பிறந்த ஊரின் பெயரையும் எழுதினார்கள்.

அப்புறம், வண்ணம் தீட்டி அலங்கரித்த ஞானஸ்நானச் சான்றிதழ்கள். பென்சில்வேனியா ஜெர்மானியர்கள் இவற்றைத் தாவ்ஃப்ஷைன் என்றார்கள். புரட்சிப் போர் வீரர்களின் விதவைகள் பின்னாளில் பென்ஷன் கேட்டபோது திருமணத்தை நிரூபிக்க வழியின்றி, குடும்ப பைபிளிலிருந்து பக்கத்தைக் கிழித்து, வீட்டிலிருந்த இந்தச் சான்றிதழ்களையும் சேர்த்து அனுப்பினார்கள். அவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பென்ஷன் கோப்புகளில் இன்னும் இருக்கின்றன.

தனி ஆளைத் தேடாதீர்கள், கூட்டத்தைத் தேடுங்கள்

இவ்வளவும் பார்த்தும் ஊர்ப்பெயர் கிடைக்கவில்லையா? இங்கேதான் இந்தத் துறையின் மிக அழகான முறை உதவிக்கு வருகிறது.

அந்தக் காலத்தில் ஒருவர் தனியாகக் கிளம்பி அமெரிக்கா போவது குறைவு. ஒரே ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் சேர்ந்துதான் போனார்கள். படகில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் உறுதிமொழி வரிசையிலும் அடுத்தடுத்து நின்றார்கள். நிலம் வாங்கும்போது பக்கத்தில் பக்கத்தில் வாங்கினார்கள். ஒருவர் குழந்தைக்கு இன்னொருவர் ஞானத்தந்தையாக, ஞானத்தாயாக நின்றார். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்தும் அவர்களே. அதனால் உங்கள் ஆளின் ஊர் தெரியாவிட்டால் அவருக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டவருடைய ஊர் என்ன என்று பாருங்கள். பிள்ளைகளின் ஞானப் பெற்றோர் யார் யார் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் இரண்டு பேர் ஒரே ஊர்க்காரர்கள் என்றால், முதலில் திறக்க வேண்டிய பதிவேடு அந்த ஊருடையது. அங்கே இல்லையா? நடந்து போகும் தொலைவில் உள்ள அடுத்த ஊர்களுடையது.

ஹென்றி ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் செய்து காட்டினார். 1710-இல் நியூயார்க் வந்த 847 குடும்பங்களின் பூர்வீகத்தைத் தேடி, ஒரு குடும்பத்தின் ஊர் தெரிந்ததும் அதைச் சுற்றியுள்ள ஊர்களின் பதிவேடுகளை வரிசையாக வாசிக்க வைத்தார். ஒருவரைத் தேடிப் போன இடத்தில் ஐந்து குடும்பங்கள் கிடைத்தன. இப்படி அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் ஊர்களைக் கண்டுபிடித்தார்.

பக்கத்தில் நின்றவரின் பெயர் எதற்கு என்று முதலில் தோன்றும். என்னைக் கேட்டால், புதியவர்கள் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் மூதாதையின் பெயரை நடுவில் எழுதி, அவரோடு ஒரே தாளில் வரும் ஒவ்வொரு பெயரையும் சுற்றிலும் குறிக்க வேண்டும். ஒரு வருடத்தில் அந்த நோட்டே ஊரைச் சொல்லிவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கம்

ஊர்ப்பெயர் கிடைத்ததும் அது எந்த ஊர் என்று உறுதி செய்ய வேண்டும். ஸ்டைன்பாக், வைலர், நொய்ஸ்டாட் போன்ற பெயர்களில் ஜெர்மன் பகுதிகள் எங்கும் ஊர்கள் உண்டு. 1912-இல் வந்த மாயர் ஊர் அகராதி இணையத்தில் கிடைக்கிறது. அந்த ஊருக்கு எந்தத் தேவாலயம் என்பதை அதிலிருந்து பிடிக்கலாம். பிராட்டஸ்டன்ட் பதிவேடுகள் பலவும் ஆர்க்கியோன் தளத்தில் கட்டணத்துக்கு உள்ளன. கத்தோலிக்கப் பதிவேடுகள் பலவற்றை மட்ரிகுலா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்திலும் நிறைய உண்டு. சில ஊர்களுக்கு, உள்ளூர் ஆய்வாளர்கள் எல்லாக் குடும்பங்களையும் தொகுத்த ஊர்க் குடும்ப நூல்களே அச்சில் இருக்கின்றன. எழுத்து குர்ரெண்ட் என்ற பழைய கையெழுத்து. ஒரு மாதம் பழகினால் ஞானஸ்நான வரிகளைப் படிக்க வந்துவிடும், ஏனென்றால் திரும்பத் திரும்ப அதே இருபது சொற்கள்தான்.

அரசு ஆவணங்களும் உண்டு. அந்தப் பகுதிகளில் பலர் பிரபுவுக்குக் கட்டுப்பட்ட குடிகள். ஊரைவிட்டுப் போக வேண்டுமானால் விடுதலைப் பணம் கட்ட வேண்டும், எடுத்துப் போகும் சொத்தில் பத்தில் ஒரு பங்கை வரியாகவும் கட்ட வேண்டும். கட்டியவர்களின் பெயர்கள் கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட், ஸ்பையர் காப்பகங்களில் இருக்கின்றன. ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியவர்கள் இவற்றில் வரமாட்டார்கள். வூர்ட்டம்பெர்க்கில் இன்னொரு புதையல் உண்டு: ஒருவர் இறந்ததும் சொத்தைக் கரண்டி முதல் கழனி வரை எழுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்த பாகப்பிரிவினை ஏடுகள். ஒரு மகன் அங்கே இல்லை என்றால் அவன் பெயருக்கு நேராகப் பென்சில்வேனியாவில் என்று எழுதியிருப்பார்கள். இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகிக்கொண்டே போனது, இத்தனை பேர் ஊரைவிட்டுப் போனதற்கு ஒரு காரணமும்கூட.

ஒரு குடும்பத்துக்கு ஒரே ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரிகைச் சுதந்திர வழக்கில் 1735-இல் விடுதலையான நியூயார்க் அச்சகர் ஜான் பீட்டர் சென்கர் 1710-இல் சிறுவனாக வந்தவர். அவருடைய தந்தை பள்ளி ஆசிரியர், வேலை போன இடமெல்லாம் குடும்பமும் போனது. அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஞானஸ்நானங்கள் ரும்பாக்கிலும் வால்ட்ஃபிஷ்பாக்கிலும் பதிவாகியுள்ளன. ஆசிரியர், மேய்ப்பர், மில்காரர், நெசவாளர் குடும்பங்கள் இப்படி அலைந்தவை.

அதே ஆள்தானா?

பதிவேட்டில் பெயர் கிடைத்தது, வயதும் பொருந்துகிறது. மகிழ்ச்சியில் பதிவேட்டை மூடிவிடாதீர்கள். முதலில் அடக்கப் பதிவைப் பாருங்கள். அந்தக் குழந்தை இரண்டு வயதில் இறந்திருந்தால் உங்கள் தேடல் இன்னும் முடியவில்லை. பிறகு திருமணப் பதிவு. அவர் அதே ஊரில் மணம் முடித்து, நீங்கள் சொல்லும் கப்பல் வந்த பிறகும் அங்கே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் உங்கள் ஆள் அல்ல. மாறாக, கப்பல் ஆண்டோடு அந்தக் குடும்பம் பதிவேட்டிலிருந்து சட்டென்று மறைந்து, மனைவி பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் பென்சில்வேனியாப் பதிவுகளோடு ஒத்துப்போனால் நம்பலாம்.

தேதி பதினொரு நாள் தள்ளியிருந்தால் பதறாதீர்கள். ஜெர்மன் பிராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன. பிரிட்டிஷ் காலனிகள் மாறியது 1752-இல். அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. அதுவரை அங்கே புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு ஆண்டே ஒன்று குறைவாக இருக்கும். கல்லறையில் இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் வாழ்ந்தார் என்று செதுக்கியிருப்பதைப் பின்னோக்கிக் கணக்கிடும்போது இதை நினைவில் வையுங்கள். மரபணுப் பரிசோதனை இரண்டு கிளைகள் உறவா என்று சொல்ல உதவும். எட்டுத் தலைமுறைக்கு அப்பால் போனால் சில மூதாதையரின் மரபணு நம் உடலில் துளியும் இல்லாமல் போகலாம்.

எல்லாம் பொருந்திய பிறகு பதிவேட்டில் இன்னும் பின்னால் போகலாம். ஃபால்ட்ஸிலும் கிரைஷ்காவ் வட்டாரத்திலும் 1650-ஐ நெருங்கும்போது பக்கங்கள் காலியாகத் தொடங்கும். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அந்த ஊர்களைத் துடைத்துவிட்டிருந்தது. பதிவேடுகளும் எரிந்தன, மக்களும் அழிந்தார்கள். வெறுமையான நிலங்களில் குடியேற அடுத்த பத்தாண்டுகளில் வந்தவர்களில் ஏராளமானோர் சுவிட்சர்லாந்துக்காரர்கள். ஹூவர் குடும்பமே அப்படித்தான். ஆன்ட்ரியாஸ் ஹூபர் பிறந்தது ஃபால்ட்ஸின் எல்லர்ஸ்டாட்டில், ஆனால் தந்தை சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் பகுதி ஓபர்குல்மிலிருந்து வந்தவர். அதனால் எல்லர்ஸ்டாட் போன்ற ஓர் ஊரின் திருமணப் பதிவில், மணமகன் பெயருக்குப் பக்கத்தில் சுவிஸ் நாட்டவர் என்று ஒரு சிறு குறிப்பைப் பார்த்தால், பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டு முதல் கேள்வியை மறுபடி எழுதுங்கள்: அங்கே எந்த ஊர்?